சேர்த்து வைத்தால் சரியாகிவிடுமா? ருக்மாபாயின் வழக்கு

"ஒரு வழியா சேர்த்து வச்சிட்டோம்." நம்ம ஊர்ல இந்த வாக்கியத்தைக் கேட்காத குடும்பம் இருக்காது. புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஏதோ பிரச்சினை, பொண்ணு பொறந்த வீட்டுக்கு வந்துட்டா. ரெண்டு பக்கத்துப் பெரியவங்களும் உட்கார்ந்து, காபி குடிச்சு, சீர் செஞ்சதுல இருந்து பழைய கணக்கெல்லாம் பேசி, கடைசியில பெட்டியோட கொண்டுபோய் விட்டுட்டு வருவாங்க. வர்ற வழியில போன்ல யாராவது கேட்டா பதில் இதுதான்: சேர்த்து வச்சிட்டோம். அந்தப் பொண்ணு என்ன சொன்னா, அந்தப் பையன் என்ன சொன்னான், அதெல்லாம் இந்த வாக்கியத்துல இருக்காது.

இன்னைக்கு நான் சொல்லப்போறது, இதே வேலையை ஒரு உயர் நீதிமன்றம் செய்யப் பார்த்த கதை. சேர்ந்து வாழப் போ, இல்லைன்னா ஆறு மாசம் ஜெயிலுக்குப் போ என்று ஒரு பெண்ணிடம் சொன்ன கதை.

இடம் பம்பாய். வருஷம் 1884. தாதாஜி பிகாஜி என்ற இளைஞர் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்குப் போடுகிறார். ருக்மாபாய் என் மனைவி, எங்களுக்குக் கல்யாணமாகிப் பல வருஷமாச்சு, அவரை என்னோடு வந்து வாழ உத்தரவிட வேண்டும். இவ்வளவுதான் கோரிக்கை. ருக்மாபாய்க்கு அப்போது 20 வயது. கல்யாணம் ஆனபோது 11. தாதாஜிக்கு 19. நடுவில் இத்தனை வருஷமும் அவர் அம்மா வீட்டில்தான் இருந்தார். இருவரும் ஒரு நாள்கூடக் கணவன் மனைவியாக வாழவில்லை.

இந்த வழக்கைப் பற்றி எழுதுகிற பலர் நேராகத் தீர்ப்புக்குப் போய்விடுவார்கள். எனக்கு அதுக்கு முந்தின குடும்பக் கதைதான் முக்கியமாகப் படுது. ஏன்னா அது நமக்கு ரொம்பப் பழகின கதை.

ருக்மாபாயின் அம்மா ஜெயந்திபாய். 15 வயதில் ருக்மாபாயைப் பெற்றார். 17 வயதில் கணவரை இழந்தார். அவர்கள் தச்சு வேலை செய்கிற சுதார் சமூகம். அங்கே விதவை மறுமணம் செய்யத் தடை இல்லை. சில வருஷம் கழித்து ஜெயந்திபாய், சகாராம் அர்ஜுன் என்ற மருத்துவரைக் கல்யாணம் செய்துகொண்டார். இவர் சாதாரண ஆள் இல்லை. கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் பாடம் எடுத்தவர், தாவரவியல் ஆர்வலர். 1883-ல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைத் தொடங்கிய எட்டுப் பேரில் இரண்டு பேர்தான் இந்தியர்கள். அதில் ஒருவர் இவர்.

இங்கே ஒரு சட்டச் சிக்கல். 1856-ல் வந்த விதவை மறுமணச் சட்டப்படி, மறுமணம் செய்கிற பெண்ணுக்கு முதல் கணவரின் சொத்தில் உரிமை போய்விடும். அதனால் ஜெயந்திபாய் மறுமணத்துக்கு முன்னாலேயே அந்தச் சொத்தை மகள் பெயருக்கு மாற்றினார். அதாவது, எட்டு வயது தாண்டிய ஒரு சிறுமி சொத்துக்காரி ஆகிறாள். இதை ஞாபகத்துல வச்சுக்கோங்க.

மாப்பிள்ளை தாதாஜி, சகாராம் அர்ஜுனுக்கே தூரத்துச் சொந்தம். வசதி இல்லாத பையன். பேச்சு என்னவென்றால், அவர் வீட்டோடு மாப்பிள்ளையாக இருப்பார், மாமனார் அவரைப் படிக்க வைத்து ஆளாக்குவார். கல்யாணமான சில மாதங்களில் ருக்மாபாய் பெரியவளானார். உடனே சாந்தி முகூர்த்தம் நடத்துவதுதான் அன்றைய வழக்கம். சகாராம் அர்ஜுன் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த வயதில் அது உடம்புக்கு ஆகாது என்று மருத்துவராக அவருக்குத் தெரிந்திருந்தது. தாதாஜிக்கு இது பிடிக்கவில்லை. அதோடு, இருபது வயதுக்காரரைப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் படி என்றார்கள்.

எனக்கு இந்த இடத்துல தாதாஜி மேல கொஞ்சம் பரிதாபம் வருது. பெரிய வீடு, படித்த மாமனார், சொத்துள்ள மனைவி. இவர் மட்டும் சின்னப் பையன்களோடு பெஞ்சில் உட்கார வேண்டும். "எங்க வீட்டுப் பையனுக்கு மரியாதை இல்லை" என்று சொல்ல ஒரு சொந்தக்காரர் கிடைத்தால் போதும், இல்லையா? கிடைத்தார். தாய்மாமன் நாராயண் தர்மாஜி. தாதாஜி தன் தாயை இழந்தபின், சகாராம் அர்ஜுனின் பேச்சைக் கேட்காமல், மாமா வீட்டுக்கே போய்விட்டார். படிப்பு நின்றது. வேலை அமையவில்லை. காசநோய் வந்து நீண்ட நாள் படுத்தார். கடன் சேர்ந்தது.

இந்தப் பக்கம், ருக்மாபாய் பள்ளியை விட்டிருந்தாலும் படிப்பை விடவில்லை. ஒரு கிறிஸ்தவ மிஷன் நூலகத்திலிருந்து புத்தகங்கள் வாங்கி வீட்டிலேயே படித்தார். மாற்றாந்தந்தையைப் பார்க்க வரும் சீர்திருத்தக்காரர்கள் பேசுவதைக் கேட்டு வளர்ந்தார். ஆக, 1884-க்கு வரும்போது இரண்டு பேரும் இரண்டு வேறு உலகத்தில் இருந்தார்கள். அவர்களைச் சேர்த்துக் கட்டியிருந்தது ஒன்றுதான்: சின்ன வயதில் மற்றவர்கள் செய்துவைத்த ஒரு சடங்கு.

அந்த வருஷம் தாதாஜியின் வக்கீல்கள் கடிதம் அனுப்பினார்கள். ருக்மாபாய் வர முடியாது என்றார். வழக்கில் அவர் தரப்பு சொன்ன காரணங்கள் மூன்று. அவரால் என்னைக் காப்பாற்ற முடியாது. அவருக்கு உடல்நலம் இல்லை. அவர் தங்கியிருக்கும் மாமாவின் நடத்தை சரியில்லை. தாதாஜி தரப்பு என்ன சொன்னது தெரியுமா? இவள் நல்லவள்தான், அம்மாவும் தாத்தாவும்தான் சொத்து கைவிட்டுப் போய்விடுமோ என்று இவள் மனதைக் கலைக்கிறார்கள். பிற்பாடு இதையெல்லாம் ஒரு சிறு புத்தகமாகவே போட்டார். அதற்கு ருக்மாபாய் பத்திரிகையில் பதில் எழுதினார்.

"அவளுக்கு ஒண்ணும் தெரியாது, அவங்க அம்மா ஏத்தி விடுறாங்க." 1880-களின் பம்பாயிலும் இதே வசனம்தான். இந்த வசனத்துக்கு ஒரு வேலை இருக்கு. முடியாதுன்னு சொல்ற ஆள் யாரோ, அவரை அந்த இடத்திலிருந்தே எடுத்துவிடுகிறது. அதுக்கு அப்புறம் அது ரெண்டு குடும்பத்துக்கு நடுவுல நடக்கிற சண்டை. அவங்க வெறும் பொருள்.

சரி, சேர்ந்து வாழ உத்தரவிடு என்று நீதிமன்றத்தில் கேட்கும் இந்த வழக்கமே எங்கிருந்து வந்தது? நம்ம சாஸ்திரத்துல இருந்து வந்ததுன்னு பலர் நினைக்கலாம். வரலை. இது இங்கிலாந்தின் தேவாலய நீதிமன்றங்களின் சரக்கு. கணவனோ மனைவியோ காரணமில்லாமல் பிரிந்து போனால் திரும்பிப் போகச் சொல்லி தேவாலய நீதிமன்றம் உத்தரவிடும், மீறினால் சபையிலிருந்து விலக்கும். 1813-ல் விலக்குவதற்குப் பதில் சிறை என்று மாற்றினார்கள். இந்தியாவுக்கு இதற்குக் கதவு திறந்தது 1867-ல், லண்டன் பிரிவி கவுன்சில் ஒரு முஸ்லிம் தம்பதியின் வழக்கில் சொன்ன தீர்ப்பில். அந்த வழக்கின் அடியிலும் பணம்தான். மனைவி தன் கம்பெனிப் பத்திரங்களைத் திருப்பிக் கேட்டார், கணவர் மனைவியைத் திருப்பிக் கேட்டார்.

இன்னொரு வேடிக்கை. தாதாஜி வழக்குப் போட்ட அதே 1884-ல் இங்கிலாந்து இந்தச் சிறைத் தண்டனையை ஒழித்துவிட்டது. காரணம் ஜார்ஜினா வெல்டன் என்ற பாடகி. மனைவியைப் பைத்தியக்கார விடுதியில் அடைக்கப் பார்த்தவர் அவர் கணவர். அவர் மீது இந்த அம்மா சேர்ந்து வாழச் சொல்லி வழக்குப் போட்டு ஜெயித்தார். கணவர் வரவில்லை. சட்டப்படி அந்தக் கனவானை ஜெயிலில் போட வேண்டும். உடனே சட்டத்தையே மாற்றிவிட்டார்கள்! இந்தியாவில் 1882-ன் சிவில் நடைமுறைச் சட்டத்தில் அந்தச் சிறை அப்படியே இருந்தது.

ருக்மாபாயின் வழக்கு முதலில் நீதிபதி ராபர்ட் ஹில் பின்ஹே முன்னால் வந்தது. 1885 செப்டம்பர் 21-ல் தீர்ப்பு. அவர் கேட்டது சின்னக் கேள்வி. மீட்டுக் கொடு என்கிறீர்கள், ஏற்கெனவே இருந்ததைத்தானே மீட்க முடியும்? இவர்கள் எப்போது சேர்ந்து வாழ்ந்தார்கள்? எதுவும் புரியாத வயதில் கட்டிவைக்கப்பட்ட ஒரு பெண்ணை, வளர்ந்தபின் அவள் விருப்பத்துக்கு எதிராக ஒருவரிடம் ஒப்படைப்பது கொடுமை என்று சொல்லி வழக்கைத் தள்ளுபடி செய்தார். அந்தத் தீர்ப்பைக் கேட்க சகாராம் அர்ஜுன் இல்லை. அந்த ஏப்ரலிலேயே இறந்துவிட்டார்.

ஊர் இரண்டாகப் பிரிந்தது. தீர்ப்புக்குச் சில மாதம் முன்பிருந்தே டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் 'ஒரு இந்துப் பெண்' என்ற புனைபெயரில் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. ஒன்று குழந்தைத் திருமணம் பற்றி, இன்னொன்று விதவைகள் நிலை பற்றி. எழுதியது ருக்மாபாய்தான் என்பது பின்னால் தெரிந்தது. பெஹ்ராம்ஜி மலபாரி போன்ற சீர்திருத்தக்காரர்கள் அவர் பக்கம் நின்றார்கள். பால கங்காதர திலகர் கடுமையாக எதிர்த்தார். இது இந்து தர்மத்தில் அந்நிய அரசின் தலையீடு என்பது அவர் வாதம். ஆனா பாருங்க, தர்மத்தைக் காப்பாற்றுகிறவர்கள் கையில் எடுத்த ஆயுதம் இங்கிலாந்து தேவாலயத்தின் சட்டம்! அதை யாரும் பெரிசா எடுத்துக்கலை.

மேல்முறையீட்டில் 1886-ல் தலைமை நீதிபதி சார்ஜென்ட் அமர்வு பின்ஹேயின் தீர்ப்பை ரத்து செய்தது. சேர்ந்து வாழ்ந்தார்களா இல்லையா என்பது முக்கியமில்லை, கல்யாணம் முடிந்தவுடனேயே உரிமை பிறந்துவிடுகிறது என்பது அவர்கள் பார்வை. வழக்கு திரும்பக் கீழே வந்தது. 1887 மார்ச் 4 அன்று நீதிபதி ஃபாரன் உத்தரவிட்டார்: ஒரு மாதத்துக்குள் கணவரிடம் போக வேண்டும், இல்லையென்றால் ஆறு மாதம் வரை சிறை. ருக்மாபாய் சிறைக்குப் போகத் தயார் என்றார்.

இது 1887. அவர் பெரிய அரசியல் தலைவர் இல்லை. பின்னால் ஒரு கட்சி இல்லை. 22 வயதுப் பெண். அந்தத் தீர்ப்பில் என்னை ரொம்ப நேரம் யோசிக்க வச்ச விஷயம் சிறை இல்லை. அந்த ஒரு மாத அவகாசம். அந்த முப்பது நாளில் வீட்டில் எத்தனை பேர் வந்து, "ஒரு தடவை போய்த்தான் பாரேன்" என்று சொல்லியிருப்பார்கள்?

அவர் போகவும் இல்லை, அவரைச் சிறையில் அடைக்கவும் இல்லை. மேல்முறையீடு, ஆதரவுக் குழு, இங்கிலாந்துப் பத்திரிகைகளில் விவாதம் என்று இழுத்தது. விக்டோரியா ராணியே தலையிட்டு இந்தக் கல்யாணத்தை ரத்து செய்தார் என்று இணையத்தில் ஒரு கதை சுற்றுகிறது. கேட்க நல்லா இருக்கு. ஆனால் முடிவு வந்தது 1888 ஜூலையில், சமரசத்தில். தாதாஜிக்கு 2000 ரூபாய். பதிலுக்கு அவர் தீர்ப்பை நிறைவேற்றக் கேட்கமாட்டார். அவ்வளவுதான். நாலு வருஷம், இரண்டு குடும்பம், தர்மம், சாம்ராஜ்யம் எல்லாம் பேசி, கடைசியில் ஒரு தொகையில் முடிந்தது. கல்யாணம் ரத்தாகவில்லை. தாதாஜி வேறொரு கல்யாணம் செய்துகொண்டார். ஆணுக்கு அன்று சட்டத்தில் தடை இல்லை. ருக்மாபாய்க்கு அந்த வழி இல்லை.

அவர் 1889-ல் லண்டனுக்குப் போய், பெண்களுக்கான மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். காமா மருத்துவமனையின் டாக்டர் ஈடித் பீச்சி அதற்கு உதவினார். 1894-ல் படிப்பை முடித்துத் திரும்பி, சூரத்திலும் பிறகு ராஜ்கோட்டிலும் பெண்கள் மருத்துவமனைகளில் பல பத்தாண்டுகள் வேலை பார்த்தார். இந்தியாவில் மருத்துவத் தொழில் செய்த முதல் பெண்களில் அவர் ஒருவர். 1904-ல் தாதாஜி இறந்தபோது ருக்மாபாய் விதவைகள் உடுத்தும் வெள்ளைப் புடவைக்கு மாறினார் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். எனக்கு இது ஒரு புதிர். சமூகத்துக்காகவா, நோயாளிகள் வீட்டுக்குள் அனுமதிக்க வேண்டுமே என்பதற்காகவா, வேறு ஏதாவதா? அவரோடு வாழ முடியாது என்று சொன்னவருக்கு அவர் மேல் வெறுப்பு இருந்தே ஆகணும்னு கட்டாயம் இல்லையே.

அவர் 1955 செப்டம்பர் 25 அன்று, 90 வயதில் காலமானார். அதற்கு நாலு மாதம் முன்னால், மே மாதத்தில், இந்து திருமணச் சட்டம் வந்திருந்தது. பலதார மணத்துக்குத் தடை, பெண்ணுக்கும் விவாகரத்து உரிமை, எல்லாம் அதில் உண்டு. 9-ஆம் பிரிவும் உண்டு. அது என்ன தெரியுமா? சேர்ந்து வாழ உத்தரவிடக் கோரும் அதே மனு. சிறை மட்டும் இல்லை, சொத்தை ஜப்தி செய்யலாம். இங்கிலாந்து 1970-ல் சட்டம் போட்டு இந்த வழக்கையே ஒழித்தது. நம்மிடம் இன்னும் இருக்கிறது. வக்கீல்கள் இதைச் சுருக்கமாக 'ஆர்.சி.ஆர்.' என்பார்கள்.

இதை எதிர்த்து நடந்த பெரிய வழக்கு நமக்குக் கொஞ்சம் பக்கத்து வீடு. 'தண்ணீர் தண்ணீர்' படத்தில் நடித்த சரிதா ஒரு தரப்பு. 1983-ல் ஆந்திர உயர் நீதிமன்ற நீதிபதி பி.ஏ.சௌத்ரி, 9-ஆம் பிரிவு அரசியல் சட்டத்துக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தார். ஒரு பெண் யாரோடு வாழ்வது, எப்போது தாயாவது என்ற முடிவை அவளிடமிருந்து எடுத்து அரசிடம் கொடுக்கிறது இந்தப் பிரிவு என்றார். அதே வருஷம் டெல்லி உயர் நீதிமன்றம் நேர்மாறாகச் சொன்னது. குடும்பத்துக்குள் அரசியல் சட்டத்தைக் கொண்டுவருவது கண்ணாடிக் கடைக்குள் காளையை விடுகிற மாதிரி என்பது அந்தத் தீர்ப்பின் கருத்து. 1984-ல் உச்ச நீதிமன்றம் டெல்லியின் பக்கம் நின்றது. குடும்பம் உடையாமல் காக்கும் நோக்கம் இதற்கு இருக்கிறது என்றது.

ஆனால் அந்த 1984 வழக்கின் கதையைப் பாருங்க. பஞ்சாபில் ஒரு பெண், இரண்டு பெண் குழந்தைகளின் தாய். கணவர் வீட்டைவிட்டு அனுப்பிவிட்டார் என்று சொல்லி, திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று 9-ஆம் பிரிவில் மனுப் போட்டவர் அவர்தான். கணவர் சரி என்று ஒப்புக்கொண்டார். தீர்ப்பு கிடைத்தது. ஒரு வருஷம் கழித்து அதே கணவர் விவாகரத்து மனுப் போட்டார். ஏனென்றால் சட்டத்தில் இன்னொரு பிரிவு இருக்கிறது: சேர்ந்து வாழத் தீர்ப்பு வந்து ஓராண்டு சேராமல் இருந்தால், யார் வேண்டுமானாலும் விவாகரத்து கேட்கலாம். கிடைத்தது. சேர்த்து வைக்க என்று கொடுத்த தாளே பிரிவதற்கான டிக்கெட் ஆனது.

இன்றும் இதன் பயன்பாடு பல இடங்களில் அப்படித்தான். மனைவி ஜீவனாம்சம் கேட்டால், கணவர் தரப்பு பதிலுக்கு ஆர்.சி.ஆர். போடும். நான் கூப்பிடுகிறேன், அவள்தான் வரமாட்டேன் என்கிறாள், பிறகு எதற்கு ஜீவனாம்சம் என்பது கணக்கு. கூப்பிடுவது கூப்பிடுவதற்கு இல்லை.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்லணும். சமரசமே தப்புன்னு நான் சொல்ல வரலை. 1984-ல்தான் குடும்ப நீதிமன்றச் சட்டமும் வந்தது. இரு தரப்பும் ஓர் உடன்பாட்டுக்கு வர முயற்சி எடுப்பது நீதிமன்றத்தின் கடமை என்று அதில் இருக்கிறது. உடன்பாடு என்றால் சேர்வது மட்டும் இல்லை. குழந்தை யாரிடம், வாரத்தில் எத்தனை நாள், நகை எப்போது திரும்ப வரும், இதுவும் உடன்பாடுதான். நல்ல ஆலோசகர் இருவரையும் தனித்தனியாக உட்கார வைத்து, பக்கத்தில் அம்மாவோ மாமாவோ இல்லாமல் கேட்பார். ருக்மாபாயிடமும் தாதாஜியிடமும் யாராவது அப்படித் தனியாகக் கேட்டிருந்தால், 1877-லேயே அந்தப் பள்ளிக்கூடத்து அவமானமும் அந்தச் சொத்துப் பயமும் வெளியே வந்திருக்கலாம். அப்பவும் சேர்ந்திருப்பாங்களான்னு கேட்டா, எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனா நாலு வருஷம் நாடே பார்க்கச் சண்டை போட வேண்டி இருந்திருக்காது.

2019-ல் சட்ட மாணவர்கள் 9-ஆம் பிரிவை எதிர்த்து மறுபடி உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். பிறகு 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு. ஜார்க்கண்டைச் சேர்ந்த ஒரு பெண். அவர் வந்து சேர்ந்து வாழ வேண்டும் என்று கணவர் தீர்ப்பு வாங்கிவிட்டார். இவர் போகவில்லை. ஜீவனாம்சம் கிடையாது என்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. இவர் சொன்ன காரணங்களை உச்ச நீதிமன்றம் எடுத்துப் பார்த்தது. கரு கலைந்தபோது கணவர் வந்து பார்க்கவில்லை. வீட்டில் இருக்கும் கழிப்பறையைப் பயன்படுத்த விடவில்லை. சமைக்க கேஸ் அடுப்பு தரவில்லை. அந்தத் தீர்ப்பு இருப்பதால் மட்டும் ஜீவனாம்சத்தை மறுக்க முடியாது, போகாததற்கு அவரிடம் நியாயமான காரணம் இருக்கிறது என்று சொல்லி, மாதம் 10,000 ரூபாய் கொடுக்க உத்தரவிட்டது.

ருக்மாபாய் வழக்கு கிளப்பிய விவாதத்திலிருந்து 1891-ன் சம்மத வயதுச் சட்டம் வரை ஒரு நேர்கோடு போகிறது. அந்த வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக்கவே பெரிய போராட்டம் நடந்தது. அதுக்கு ஒரு முழு எபிசோடு வேணும். அடுத்த வாரம் அதோட வர்றேன்.